எட்டு டம்ளர் தண்ணீர்

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, என் சொந்த வீட்டு மாடிப்படியில் பூனை மாதிரி ஏறிக்கொண்டிருந்தேன். பகல் பதினொன்றரை மணி. கல்கத்தாவின் பெஹாலாவில் சித்திரை வெயில் படிக்கட்டுச் சுவரையே சுட வைத்திருந்தது. யார் வீட்டிலோ கடுகெண்ணெய் காய்கிற வாசனை.

முதல் மாடி போஸ் வீட்டு அம்மாள் கதவைத் திறந்தாள். என் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"கீ ஹோலோ தாதா? என்னாச்சு அண்ணா, செருப்பு அறுந்துபோச்சா?"

"ஆமாம்" என்றேன். இருபத்தெட்டு வருஷம் பொய்யர்களைப் பிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்த ஒரு பொய்க்கு என் காது மடல் சூடாகிவிட்டது.

பேங்குக்குப் போகிறேன், வர ஒரு மணி ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். போனது தெருமுனை மிட்டாய்க்கடை பெஞ்சு வரைக்கும். இருபது நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். எங்கள் உத்தியோகத்தில் இதற்கு சர்ப்ரைஸ் செக் என்று பெயர். படுக்கையில் கிடக்கும் என் மனைவி பார்வதியைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன்.

எதற்காக என்கிறீர்களா? குடிதண்ணீருக்காக.

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் என் உத்தியோகப் பெருமையையே அளந்துகொண்டிருந்தேன். இந்த வாரம் மானம் போகிற கதை. கசப்பாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

யாருக்கு யார் சித்தி

பார்வதிக்கு வலது கையும் காலும் விழுந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, "வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். சொல்வது சுலபம்.

கல்கத்தாவில் அதற்கென்றே ஆயா சென்டர்கள் உண்டு. ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு போன், அதன் பின்னால் சதா பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி. போன் செய்தால் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆயா வந்து நிற்பாள். பகல் டியூட்டி எட்டுக்கு எட்டு. ராத்திரி டியூட்டியும் எட்டுக்கு எட்டு. வேறு வேறு ஆள்.

வந்ததும் கட்டிவந்த புடவையை அவிழ்த்து மடித்துவிட்டு ஒரு நைட்டியை மாட்டிக்கொள்வாள். நோயாளியின் வேலையைத் தவிர ஒரு துரும்பையும் எடுத்துப் போட மாட்டாள். வந்தவுடன் ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ. பதினோரு மணிக்கு டப்பாவைத் திறந்து பொரி கொறிப்பாள். எல்லாம் எழுதாத சட்டம்.

கூப்பிடுகிற முறைதான் வேடிக்கை. வீட்டுக்காரர்கள் ஆயாவை மாஷி என்பார்கள். அவள் வீட்டம்மாளை மாஷிமா என்பாள். இரண்டுக்கும் அர்த்தம் சித்திதான். சித்தியின் புருஷன் என்பதால் எனக்கு மேஷோமொஷாய் பட்டம். முதல் நாளே இத்தனை உறவு எதற்கு என்று எனக்குச் சந்தேகம். அவசரமாக உறவு கொண்டாடுகிறவனை முதலில் கவனி என்பது எங்கள் ஆபீஸ் பாலபாடம்.

எங்களுக்கு வந்தவள் மாலதி. நாற்பது வயசு இருக்கும். ஒல்லி உடம்பு, ஆனால் பார்வதியை ஒரே மூச்சில் எழுப்பி உட்கார வைத்துவிடுவாள். சாந்த்ராகாச்சியிலிருந்து பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டி வருவாள். பேச்சு அதிகம். பார்வதிக்கு அதுதான் பிடித்தது. திருநெல்வேலிக்காரிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதாதா? வாய் குழறினாலும் இவள் வங்காளியில் நாலு வார்த்தை சொல்ல, அவள் நாற்பது சொல்ல, ஒரே சிரிப்பு. நான் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும்.

நின்றுவிடுகிறதே, ஏன் நிற்கிறது? இது என் அடுத்த சந்தேகம்.

சணல் பேல்

என் புத்தி ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை.

ரயில்வேயில் விஜிலென்ஸ் பக்கம் எனக்கு உத்தியோகம். ஒரு யார்டில் (பெயர் வேண்டாம்) சணல் பேல்களில், அதாவது அமுக்கிக் கட்டிய பொதிகளில், சரக்கு களவு போவதாக மொட்டைக் கடுதாசி வந்தது. போய்ப் பார்த்தால் எடை சுத்தமாகச் சரி. ஏற்றிய இடத்தில் என்ன எடையோ அதே எடை. கூட வந்தவர்கள் திரும்பிப் போகலாம் என்றார்கள். நான் மட்டும் போகவில்லை. சரக்கு என்றால் வழியில் கொஞ்சம் உதிரும், காயும், குறையும். இவ்வளவு சரியாக எப்படி இருக்கும்?

ஒரு பேலைப் பிரிக்கச் சொல்லிக் கையை உள்ளே விட்டேன். ஈரம்! சணலை உருவிவிட்டுத் தண்ணீர் தெளித்து எடையை நேர் பண்ணியிருந்தார்கள். அன்றைக்கு என் மேலதிகாரி எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் என் முதுகில் இருக்கிறது என்று பார்வதி கிண்டல் பண்ணுவாள்.

அதற்கப்புறம் எது சரியாக இருந்தாலும் எனக்கு உறுத்தும். பால்காரன் அளவு சரியாக இருந்தால் உறுத்தும். என் பெண் உமா பள்ளிக்கூடத்திலிருந்து சரியான நேரத்துக்கு வந்தால்கூட உறுத்தும். "ஏங்க, உங்களுக்குக் கோட்டியா?" என்பாள் பார்வதி. பைத்தியமா என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்.

சார்ட் நோட்டு

மாலதி ஒரு நோட்டு எழுதுவாள். ஆயாக்கள் எல்லாரும் எழுதுவார்கள். என்ன சாப்பாடு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை தடவை சிறுநீர். உருண்டை உருண்டையாக வங்காள எழுத்து. சாயங்காலம் அவள் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி பார்ப்பேன்.

அந்த வருஷம் கோடை ஆரம்பத்தில் பார்வதிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. என்னைப் பார்த்து, செத்துப்போன அவள் அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ரயில் கிளம்பிவிட்டதா என்று கேட்டாள்.

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். சிறுநீரில் இன்ஃபெக்‌ஷன். "தண்ணீர் குடிக்கிறார்களா?" என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். தினம் எட்டு டம்ளர். அவர் பார்வதியின் உதட்டைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நோட்டை மறுபடி பார்த்தார்.

வாசலுக்கு வந்தபோதுதான் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி வந்தால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. நர்சிங் ஹோமில் ட்யூப் போட்டு வைக்க வேண்டியிருக்கும். போனால் திரும்பி வருவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது."

உள்ளே படுத்திருந்தவளுக்கு அது கேட்டுவிட்டது. என் சட்டை நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு, "அங்க... வேண்டாம்... வீட்டிலேயே..." என்று அழுதாள்.

அன்றிலிருந்து அந்த நோட்டு எனக்குக் கேஸ் கட்டு ஆகிவிட்டது.

எட்டு டம்ளர் உள்ளே போகிறது. வெளியே வருவது பகலில் இரண்டு தடவை, மிஞ்சினால் மூன்று. நிறமோ கட்டங்காப்பி. எங்கேயோ உதைக்கிறது.

பார்வதியின் தண்ணீர் பாட்டில் லேபிளில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தால் தண்ணீர் சரியாக இறங்கியிருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். ஒவ்வொரு நாளும் சரி. சணல் பேல் மாதிரி சரி! ஒருவேளை அவளே குடிக்கிறாளா என்று பார்த்தால், தன் தண்ணீரை அவள் வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுவருகிறாள்.

துப்பு வேறொரு இடத்தில் கிடைத்தது. எங்கள் பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. தென்காசிப் பக்கமிருந்து கொண்டுவந்தது. கல்கத்தா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. நாலு இலை விடும், மூன்றை உதிர்க்கும். அந்தச் சித்திரையில், எதிர்வீட்டு மாடிகளில் எல்லாச் செடியும் வாடிக் கிடந்தபோது, இது மட்டும் தளதளவென்று நின்றது. நான் அதற்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. ரசத்துக்குப் பறிக்கப் போனவன் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தால் நோயாளியைத் தூக்கிக் கமோட் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், கழுவ வேண்டும், மறுபடி தூக்கிப் படுக்க வைக்க வேண்டும். குடிக்காவிட்டால் வேலை மிச்சம். சோம்பேறிக் கழுதை! என் பெண்டாட்டி உயிரை வைத்து இவள் ஓய்வெடுக்கிறாள்.

கையும் களவும்

இப்போது மறுபடி மாடிப்படிக்கு வருகிறேன். செருப்பு கையில்.

சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினேன். கூடத்திலிருந்து படுக்கையறையும் அதை ஒட்டிய பால்கனியும் தெரியும். மாலதி எவர்சில்வர் டம்ளரோடு பால்கனியில் நின்றாள். கட்டிலில் சாய்ந்திருந்த பார்வதி இடது கையைத் தூக்கி என்னவோ சைகை காட்டினாள். மாலதி தலையை ஆட்டி மறுத்தாள். பார்வதி மறுபடி காட்டினாள். மாலதி பெருமூச்சு விட்டுவிட்டு டம்ளரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் சாய்த்தாள்.

"பிடிச்சேன்!" என்று கத்தினேன். எழுபத்து நாலு வயசுக் கிழவன், கையில் செருப்போடு, நட்டநடுக் கூடத்தில். இப்போது நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

டம்ளர் விழுந்து உருண்டது. மாலதி என்னைப் பார்க்கவில்லை. பார்வதியைத்தான் பார்த்தாள்.

"எத்தனை நாளா நடக்குது?" வங்காளியில்தான் கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு வங்காளி நன்றாக வரும்.

"கத்தாதீங்க மேஷோமொஷாய். மாஷிமாவுக்குப் பிரஷர் ஏறும்."

"ஏறட்டும். பாத்ரூமுக்குத் தூக்க உடம்பு வணங்கலை, அதானே? நோட்டுல எட்டு டம்ளர்னு எழுத மட்டும் கை வணங்குதோ?"

அவள் முகம் சிவந்தது. "என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. மாத்தார் திப்பி" என்றாள்.

என் தலை மேல் ஆணை என்று இங்கே ஒருவர் இன்னொருவரைக் கட்டிப்போடுவார்கள். மீறினால் ஆணையிட்டவர் தலைக்கே ஆபத்து என்று நம்பிக்கை. வங்காளிகள் லேசில் சொல்லவும் மாட்டார்கள், சொன்னால் லேசில் மீறவும் மாட்டார்கள். யார் தலை, யார் இட்ட ஆணை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சத்தியம் பண்ணாத குற்றவாளியை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

"இ... இல்... இல்ல..." என்றாள் பார்வதி. பதறினால் அவளுக்கு வார்த்தை பூட்டிக்கொள்ளும். நிதானமாகக் காத்திருந்தால் வரும். நான் காத்திருக்கவில்லை.

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு சென்டருக்குப் போன் போட்டேன். இந்த ஆயா நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்காமல் செடிக்கு ஊற்றுகிறாள், நானே கண்ணால் பார்த்தேன், இனி இவளை எந்த வீட்டுக்கும் அனுப்பாதீர்கள் என்றேன்.

மாலதி புடவையைக் கட்டிக்கொண்டு, பொரி டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். போகும்முன் குனிந்து பார்வதியின் காலைத் தொட்டாள். பார்வதி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தவன் நான்தான்.

பார்வதி சொன்னது

வேறு ஆள் அனுப்ப மூன்று நாள் ஆகும் என்றது சென்டர். போகட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன். டம்ளரைத் துலக்கி, தண்ணீர் ஊற்றி, அவள் வாயருகே கொண்டுபோனேன்.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கோபமா? அவ உன்னைக் கொல்லப் பார்த்தா பார்வதி. குடி."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்பூனில் கொடுத்தேன், துப்பினாள். மடியெல்லாம் தண்ணீர். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்த ஆயா என்னளா மருந்து வெச்சா உனக்கு?" என்று கத்தினேன்.

அப்போது அழுதாள் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு நான் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அரை மணி ஆகியிருக்கும். அதற்கப்புறம் அவளுக்கு வார்த்தை வந்தது, ஒன்று ஒன்றாக.

"நாந்தான்... ஊத்தச் சொன்னேன்."

"ஏன்?"

"ராத்திரி... நீங்க... தூக்குறீங்கள்ல."

ராத்திரி டியூட்டிக்கு நான் ஆள் வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி நாம் தூங்கும்போது வீட்டில் விழித்திருப்பதா? என்னால் முடியாது. "பாபா, ராத்திரிக்கும் ஒருத்தரை ராகோ நா, ப்ளீஸ்" என்று உமா புனேயிலிருந்து அரை வங்காளி அரைத் தமிழில் கெஞ்சினாள். ராகோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நான் இருக்கிறேன் என்றேன். எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகி வருஷம் திரும்பவில்லை. கனம் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். டயபர் போட்டால் இவளுக்கு இடுப்பெல்லாம் புண்ணாகிவிடும். அதனால் ராத்திரியில் மூன்று தடவை, நாலு தடவை நான்தான் தூக்கிக் கமோட் நாற்காலியில் உட்கார வைப்பேன்.

ஒரு தடவை தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். விளக்கை அணைத்தபிறகுதான். அவள் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

"பாத்தேன். முருகா முருகான்னு... முனகினீங்க. பகல்ல குடிச்சா... ராத்திரியும் வருது. அதான்."

"கோட்டிக்காரி! குடிக்கலைன்னா நர்சிங் ஹோம்னு டாக்டர் சொன்னது காதுல விழலையா? வீட்டிலேயே இருக்கணும்னு நீதானே அழுதே?"

"நீங்க விழுந்துட்டா... எனக்கு ஏது வீடு?"

துண்டை எடுத்து அவள் மடி ஈரத்தைத் துடைத்தேன்.

மாலதி முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். மேஷோமொஷாயிடம் சொல்லிவிடுவேன் என்றாளாம். அப்போதுதான் இவள் தன் தலைமேல் ஆணை வைத்திருக்கிறாள். அதற்கப்புறமும் ஒவ்வொரு டம்ளருக்கும் பேரம். பாதி மாஷிமாவுக்கு, பாதி செடிக்கு. கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சி, கதை சொல்லி, சிரிக்க வைத்து அந்தப் பாதியை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தவள் அவள்தான். நான் உள்ளே போனதும் நின்ற சிரிப்பு அதுதான்.

நோட்டில் அவள் ஒரு கட்டத்தில் மட்டுமே பொய் எழுதியிருந்தாள். மற்ற எல்லாம் உண்மை. சிறுநீர் எத்தனை தடவை என்பதை மறைக்கவே இல்லை. யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றே எழுதினாளோ என்னவோ. நான்தான் கண்டுபிடித்துக் கிழித்தேனே!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சில மாதமாக ராத்திரியில் ஒரு தடவைதான் எழுந்துகொண்டிருந்தேன். சில நாள் அதுவும் இல்லை. பார்வதிக்கு உடம்பு தேறுகிறது, நமக்கும் தூக்கம் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பாட்டிலைச் சந்தேகப்பட்டேன், நோட்டைச் சந்தேகப்பட்டேன், சிரிப்பைச் சந்தேகப்பட்டேன். எனக்குச் சௌகரியமாக இருந்த அந்த ஒன்றை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா... மாலதி சொல்லிக் குடுத்தான்னுதான... சொல்லுவீங்க."

ஆமாம். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

சாந்த்ராகாச்சி

மறுநாள் சென்டருக்குப் போன் செய்து, புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். புகாரோடு திரும்பியவளை அதே வீட்டுக்கு அனுப்புவது வழக்கமில்லை என்றார்கள். நீங்கள் சொன்னபடி வேறு வீடும் கொடுக்கவில்லை என்றார்கள். நான் சொன்னபடி!

விலாசம் மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். போஸ் வீட்டு அம்மாளைப் பார்வதிக்குத் துணை வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போனேன். யார்டு ஓரமாக வரிசையாகத் தகரக்கூரை வீடுகள். பக்கத்தில் எஞ்சின் ஒன்று ஷண்டிங் பண்ணிக்கொண்டிருந்தது. மாலதி வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் மாலதி. பார்வதி எல்லாம் சொல்லிட்டா."

"மாஷிமாவே சொன்னாங்களா? அப்ப சரி. நான் மீறலை." அருவாமணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னிக்கு எத்தனை டம்ளர் குடிச்சாங்க?"

"ஆறு" என்றேன்.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "பொய். உங்க கையால மாஷிமா ஆறு டம்ளர் குடிக்க மாட்டாங்க. ராத்திரி தூக்கப்போறது நீங்கதானே?"

விஜிலென்ஸில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவனை மீன் அரிந்துகொண்டே பிடித்துவிட்டாள்.

"ஒண்ணரை" என்றேன்.

"இப்ப சொன்னது நிஜம்." கையை அலம்பிக்கொண்டு எழுந்தாள். "முதல்ல ராத்திரிக்கு ஆள் வைங்க. அதுவரைக்கும் அமிர்தமே கொடுத்தாலும் அவங்க குடிக்க மாட்டாங்க. இதை எத்தனையோ தடவை உங்ககிட்டச் சொல்ல வந்தேன். ராத்திரிக்கு ஆள் வைங்க மேஷோமொஷாய்னு ஆரம்பிப்பேன். உனக்கு எதுக்கு அந்த அக்கறை, யாரைக் கொண்டுவந்து நுழைக்கப் பார்க்கறேன்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது.

"நீயே வந்துடேன் மாலதி. பகலோ ராத்திரியோ. பார்வதி உன் பேரைச் சொல்லிட்டே இருக்கா."

"மாஷிமாவைப் பார்க்க வருவேன். ஞாயித்துக்கிழமை வருவேன். வேலைக்கு வரமாட்டேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கத்தறவங்க வீட்டுல இருந்திருக்கேன், பரவாயில்லை. கோடு போட்டுப் பார்க்கறவங்க வீட்டுல இருக்க முடியாது. அந்தப் பென்சில் கோட்டை தினம் நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

கல்பனா என்று தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், ராத்திரி டியூட்டி பார்ப்பாள், அனுப்புகிறேன் என்றாள். உட்காரச் சொல்லவில்லை. டீ கொடுக்கவில்லை. சென்டரில் நான் நேரில் போய் நின்று எழுதிக்கொடுத்தபிறகுதான் அவளுக்கு மறுபடி வீடு கிடைத்தது, டாலிகஞ்ச் பக்கம். அதுவரை பத்துப் பன்னிரண்டு நாள் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அது என் கணக்கில்தான் சேரும்.

எட்டு மணி

கல்பனா மறுநாள் ராத்திரி எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். கட்டை குட்டையான, அதிகம் பேசாத பொம்பளை. அவள் பையைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன், எந்த ஊர், எத்தனை வருஷம், யார் யார் வீட்டில் என்று கேட்டேன். அலமாரிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பிறவிக்குணம், அவ்வளவு சீக்கிரம் போகுமா?

"போதும்... சவத்தை விடுங்க" என்றாள் பார்வதி கட்டிலிலிருந்து.

கல்பனா நைட்டி மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்து, ஒரு முனகல் இல்லாமல் பார்வதியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். மறுபடி தூக்கிக் கட்டிலில் சாய்த்துத் தலையணையைச் சரிபண்ணினாள். பார்வதி அவள் தோளை, கையை, அவள் நிற்கிற விதத்தை எல்லாம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ராத்திரி பூரா... இவ இருப்பாளா?"

"இருப்பா."

"தினமும்?"

"தினமும்."

"தண்ணி" என்றாள்.

நான் டம்ளரை எடுக்கப் போனேன். அதற்குள் கல்பனா ஊற்றி அவள் கையில் கொடுத்துவிட்டாள். இடது கையால் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. தாடையில் வழிந்ததைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. டம்ளரை நீட்டி இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்துவிட்டு மூன்றாவது கேட்டாள்.

அவள் சொன்ன காரணத்தை முந்தாநாளே கேட்டாயிற்று, புரிந்துகொண்டாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்குத் தாகமாக இருந்திருக்கும் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கோடை முழுக்க, என் பக்கத்துக் கட்டிலில், என் பெண்டாட்டி தாகத்தோடு படுத்திருந்தாள்.